கடன் கணக்கு இல்லாத சீர்திருத்தப் பாடம்: வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஏரிப் பாசனத்தை நம்பியே பிழைக்கும் ஊரில் இருக்கிறேன். தங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுக்குள் வைக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் 1784ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டத்தையும் சொல்லித்தரும் இடத்தில், அவற்றுக்குப் பக்கத்திலேயே ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரத்தையும் வையுங்கள். தனிப் பாடமாக வேண்டாம். அந்தச் சட்டங்கள் எந்த நோய்க்கு மருந்தென்று சொல்லப்பட்டனவோ, அந்த நோய் நம் மண்ணில் எப்படி இருந்தது என்பது மாணவருக்குத் தெரிந்தால் போதும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு விடைத்தாள். ஒழுங்குமுறைச் சட்டம் வந்த காரணத்தைக் கேட்ட ஐந்து மதிப்பெண் வினாவுக்கு, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: ‘கம்பெனி ஊழியர்கள் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து உதவினர்.’ கடையில் வாங்கிய நோட்ஸிலிருந்து வந்த வரி என்று விசாரித்ததில் தெரிந்தது. ‘உதவினர்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஓரத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே விட்டேன். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் நடத்திய பாடத்தில் ‘கம்பெனி ஊழியர்களிடையே ஊழல் மலிந்திருந்தது’ என்ற வாக்கியத்தைத் தாண்டி அவள் பற்றிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. கிளைவும் ஹேஸ்டிங்ஸும் வங்காளத்தில் செய்தவை கொஞ்சம் வரும். சென்னையில் நடந்தது வராது.

அந்த ‘உதவி’யின் கணக்கு இதுதான். முகமது அலி வாலாஜா கம்பெனிப் படையின் துணையோடு ஆற்காட்டு நவாப் ஆனவர். அவருக்காக நடத்திய போர்களின் செலவைக் கம்பெனி அவர் பெயரிலேயே பற்று எழுதியது. அதைக் கட்டச் சொல்லிச் சென்னைக் கோட்டையிலிருந்து நெருக்கடி வரும்போதெல்லாம் அவர் கடன் வாங்கினார். யாரிடம்? அதே கோட்டையில் வேலை பார்த்த கம்பெனி ஊழியர்களிடம். காலையில் ஆலோசனை சபையில் அமர்ந்து ‘பாக்கியைக் கட்டு’ என்று நவாபுக்குக் கடிதம் எழுதியவர்களே, மாலையில் அந்தப் பாக்கியைக் கட்ட அவருக்குத் தனிப்பட்ட முறையில் கடன் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேலே போனது. கட்டாத வட்டியை முதலில் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதுவார்கள். பழைய பத்திரம் கைமாறும். கைமாறிய பத்திரத்துக்கு மீண்டும் வட்டி ஏறும். இந்தப் பத்திரங்களில் எத்தனை ரொக்கம் கொடுத்து எழுதியவை, எத்தனை வெறும் காகிதத்தின் மேல் காகிதம் என்பதைப் பின்னாளில் விசாரித்தவர்களே பிரித்தறியத் திணறினார்கள்.

ஈடு என்ன என்பதுதான் நம் மாணவர்களுக்கு முக்கியம். நவாபிடம் ஈடாக வைக்க இருந்தது நில வரி ஒன்றுதான். இந்தச் சீமையின் இத்தனை ஆண்டு வசூல் இன்ன துரைக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். துரையின் மொழிபெயர்ப்பாளரும் முகவருமான துபாஷியோ, துரைக்குப் பிணை நின்ற வட்டிக்கடைச் சவுக்காரோ, அவர்கள் நியமித்த குத்தகைதாரரோ களத்துமேட்டுக்கு வருவார்கள். இன்னும் சில மாதங்களில் இந்தச் சீமை வேறொரு கடன்காரர் கைக்குப் போய்விடும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். வாய்க்கால் தூர்ந்தால் என்ன, குடியானவன் அடுத்த போகத்துக்கு விதைநெல் வைத்திருக்கிறானா இல்லையா என்றால் என்ன, அது அவர்கள் கவலை இல்லை.

இந்தக் கதைக்குள் மாணவரை அழைத்துச் செல்ல ஒரு மனிதரைக் காட்டலாம். பால் பென்ஃபீல்டு 1764இல் சென்னைக்கு வந்தவர். கோட்டைச் சுவர் கட்டும் ஒப்பந்தங்கள் எடுத்தவர். சேப்பாக்கம் அரண்மனையை நவாபுக்கு வடிவமைத்தவர் என்றும் சொல்லப்படுபவர். கடன் வாங்கியவரின் மாளிகையைக் கடன் கொடுத்தவரே கட்டிக் கொடுத்தார் என்றால், அந்த உறவை விளக்க அதைவிட நல்ல படம் வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த மாணவர்கள் கிரிக்கெட் பார்க்கப் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

1773இல் கம்பெனிப் படை நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்தது. மராட்டிய அரசர் துளஜாஜி அரியணை இழந்தார். காவிரிக் கழனிகளின் விளைச்சல் நவாபின் கைக்கு வந்ததும், அது உடனே கடன்காரர்களுக்கு ஈடாகப் போனது. ஆனால் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் இந்தப் படையெடுப்பை ஏற்கவில்லை. தஞ்சையைத் துளஜாஜியிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பிகட் பிரபுவை இரண்டாம் முறையாக ஆளுநராக அனுப்பினார்கள். அவர் 1775 டிசம்பரில் சென்னை வந்தார். அடுத்த ஏப்ரலில் தாமே தஞ்சாவூர் சென்று அரசரை அமர்த்தினார். உடனே பென்ஃபீல்டு தம் கோரிக்கையோடு சபைக்கு வந்தார். தமக்கு வரவேண்டியது ஏறக்குறைய 2,34,000 பவுன். அதில் 1,62,000 பவுனுக்குத் தஞ்சையின் வருவாய் ஈடு. மீதி 72,000 பவுனுக்கு ஈடு, வயலில் நிற்கும் பயிர்.

வயலில் நிற்கும் பயிர் என்பதைத் தயவுசெய்து அப்படியே பாடத்தில் எழுதுங்கள். டெல்டா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அறுக்காத நெல்லின் மேல், சில நூறு பவுன் சம்பளம் வாங்கும் ஒரு கம்பெனி ஊழியர் பாத்தியம் கொண்டாடினார்; இத்தனை பெரிய தொகை அவரிடம் எப்படி வந்தது என்று சபை கேட்டபோது திருப்தியான பதில் கிடைக்கவில்லை. முதலில் சபை கோரிக்கையை ஏற்கவில்லை. பிறகு பெரும்பான்மை பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தது. சபை உறுப்பினர்களில் பலருக்கும் நவாபின் கடனில் பங்கு இருந்தது.

பிறகு நடந்தது அப்படியே நாடகம். 1776 ஆகஸ்ட் 24ஆம் நாள் மாலை, ஆளுநர் பிகட் கோட்டையிலிருந்து தம் தோட்ட வீட்டுக்கு வண்டியில் கிளம்பினார். அருகில் அமர்ந்திருந்தவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அன்று ஆளுநரோடு உணவு உண்டவர். இன்று தீவுத்திடல் என்று நாம் சொல்லும் இடத்தை வண்டி கடக்கும்போது, முன்பே பேசிவைத்தபடி படை அதிகாரிகள் வந்து மறித்தார்கள். ஆளுநரைச் சிறைபிடித்துப் பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். இத்தனைக்கும் பெரிய தண்டனை என்று எதுவும் இல்லை. சபையைச் சேர்ந்த நால்வர்மீது இங்கிலாந்தில் வழக்கு நடந்து, 1780இல் ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்கள் சேர்த்திருந்த செல்வத்துக்கு அது வண்டிச்சத்தம் கொடுத்த மாதிரி.

பிகட்டைத் தியாகியாகக் காட்டிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை ஆளுநராக இருந்தபோது பெரும் செல்வம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர்தான் அவரும். அவர் கொண்டுபோன வைரத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. இந்தக் கதையில் கை சுத்தமானவர்களைத் தேடினால் களத்துமேட்டில்தான் தேட வேண்டும்.

இனிச் சட்டங்களுக்கு வருகிறேன். 1773ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஊழியர் அன்பளிப்பு வாங்குவதைத் தடுத்தது, வங்காளத்தில் தலைமை ஆளுநரையும் நான்கு உறுப்பினர் கொண்ட சபையையும் அமைத்தது, கல்கத்தாவில் உச்ச நீதிமன்றத்துக்கு வழி செய்தது என்று நம் மாணவர்கள் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஆங்கிலேயர் யாரும் இந்தியாவில் 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. எந்த நோட்ஸிலும் இதை நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தின் வட்டிக் கடையை அறிந்தவருக்கு, மற்றப் பிரிவுகளைவிட இந்த ஒரு பிரிவு அதிகம் பேசும். சட்டம் வந்து மூன்றே ஆண்டுகளில் சென்னை ஆளுநர் கடன்காரர்களின் பொருட்டுச் சிறைபட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், சட்டப் புத்தகத்தில் எழுதுவதற்கும் கடற்கரையில் நடப்பதற்கும் உள்ள தூரம் தானே விளங்கும்.

1784ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதை இன்னும் சிக்கலானது. என் வேண்டுகோளின் மையமும் அதுதான். நவாபின் கடன்களின் மூலத்தையும் நியாயத்தையும் ஆராய வேண்டும் என்று அந்தச் சட்டமே இயக்குநர்களுக்குக் கட்டளையிட்டது. அவர்கள் விசாரணைக்கான உத்தரவைத் தயாரித்தார்கள். ஆனால் அதே சட்டம் புதிதாக உருவாக்கிய கட்டுப்பாட்டு வாரியம் அந்த உத்தரவை மாற்றி எழுதியது. 1767ஆம் ஆண்டின் தொகுப்புக் கடன் (பல பழைய கடன்களை ஒன்றாய்ச் சேர்த்து எழுதியது), குதிரைப்படையைக் கலைக்க 1777இல் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கடன், அதே 1777இன் தொகுப்புக் கடன் ஆகிய மூன்றையும் விசாரணையின்றி ஏற்று, கர்நாடகத்தின் (அன்று ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதிக்கு வழங்கிய பெயர்) வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், அவற்றுக்கு ஒதுக்கியது. கடைசிக் கடன் மட்டுமே ஏறத்தாழ 24 லட்சம் பவுன். ஊழலை ஒழிக்கப் பிறந்த அமைப்பு, பிறந்த ஆண்டிலேயே செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று இது. வாரியத்தை உண்மையில் நடத்தியவர் ஹென்றி டண்டாஸ். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், கர்நாடகப் போரின் காரணங்களை ஆராய்ந்த நாடாளுமன்ற இரகசியக் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்னை அதிகாரிகளின் குற்றங்களை அடுக்கியிருந்தார் அதே டண்டாஸ்.

ஏன் இப்படி ஆயிற்று? கடன் பத்திரங்கள் அதற்குள் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்திருந்தன. பென்ஃபீல்டே 1780இல் கிரிக்லேடு தொகுதியிலிருந்து மக்களவை உறுப்பினரானார். அவர் தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை முந்தைய நாடாளுமன்றத்தில் வைத்திருந்தார் என்று மக்களவை உறுப்பினர் எட்மண்ட் பர்க் அவையிலேயே குற்றஞ்சாட்டினார். தஞ்சையின் நெல் இங்கிலாந்தின் வாக்காக மாறிய வழி இது. அந்த வாக்குகளின் தயவு எந்த ஆட்சிக்கும் தேவைப்பட்டது.

1785 பிப்ரவரி 28 அன்று, இந்தக் கடன்கள் தொடர்பான ஆவணங்களை அவையில் வைக்கக் கோரும் தீர்மானம் வந்தபோது பர்க் பேசிய நீண்ட உரையை ஆங்கில இலக்கிய மாணவர்கள் படிக்கிறார்கள். தமிழ்நாட்டு வரலாற்று மாணவர்கள் படிப்பதில்லை. ஹைதர் அலி 1780இல் கர்நாடகத்தின்மேல் இறங்கிய அழிவை அவர் வர்ணிக்கும் பகுதி புகழ்பெற்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் ஏரிகளைப் பற்றிப் பேசும் இடம். பாறையும் மணலும் ஆன இந்த நாடு ஏரிகளால்தான் விளைகிறது என்று அவையோருக்கு விளக்குகிறார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும் என்கிறார். கம்பெனியின் ஜாகீர் நிலத்துக்கு (வரி வருவாயோடு நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலம்), அதாவது எங்கள் செங்கல்பட்டுச் சீமைக்கு, பர்னார்டு என்பவர் வரைந்த நிலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் குறித்த ஏரிகளைத் தாமே எண்ணிப் பார்த்ததாகவும், 1,100க்கும் மேல் இருப்பதாகவும் சொல்கிறார். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரிவரை அந்தக் கணக்கில் அடங்கும்.

லண்டனில் ஒருவர் விரல் வைத்து எங்கள் ஏரிகளை எண்ணினார் என்பதை முதன்முதலில் படித்தபோது, எங்கள் ஊர் ஏரியும் அந்த ஆயிரத்து நூறில் ஒன்றாக இருந்திருக்கும் என்ற நினைப்பில் இரவு நெடுநேரம் உறங்கவில்லை. அவர் வாதம் எளிமையானது. உடைந்த கரையைக் கட்டவும், மதகைச் சீர்செய்யவும், மாடு வாங்கவும், விதைக்கவும் முதலில் பணம் போக வேண்டும். போரும் பஞ்சமும் தின்ற நிலத்திலிருந்து கடன்காரனுக்கு எடுத்துக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. தீர்மானம் தோற்றது.

பர்க்கையும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். அவருடைய உறவுமுறையான வில்லியம் பர்க் தஞ்சை அரசரின் முகவராக இருந்தவர். ஆகவே நவாபுக்கு எதிரான கட்சியில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. இதைச் சொல்வதால் அந்த ஏரிக்கணக்கு பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று மாணவருக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

மதுராந்தகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிளேஸ் துரை கதை தெரியும். 1790களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரி உடையும் என்று பயந்து மழையிரவில் கரைக்குப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார் என்றும், அதனால்தான் பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் என்றும் பாட்டிமார் சொல்வார்கள். கதையை நம்புவது அவரவர் பாடு. அதற்கு முந்தைய கால்நூற்றாண்டில் இந்தச் சீமையின் கரைகள் என்ன பாடுபட்டன என்ற வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கதைக்கு ஆழம் வரும். 1763இல் நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலம் இது. அவரே அதை 1780வரை கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வசூலித்தார். பிறகு ஹைதரின் குதிரைகள் வந்தன.

பாளையக்காரர் பாடத்தோடும் இதை இணைக்க முடியும். அதற்காகத் தனிப் பக்கம்கூட வேண்டாம். கட்டபொம்மனிடம் கம்பெனிக் கலெக்டர் கிஸ்தி கேட்டார் என்று சொல்கிறோம். நவாபுக்குச் சேரவேண்டிய கப்பத்தைக் கம்பெனி ஏன் கேட்டது என்று வகுப்பில் யாரேனும் ஒரு பையன் கேட்கத்தான் செய்கிறான். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை நவாபிடமிருந்து கம்பெனி பெற்றது 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையில். அதே உடன்படிக்கையில் நவாபின் தனிக் கடன்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஆறு லட்சம் வராகனுக்கு மேல் தரவும் ஏற்பாடு இருந்தது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதற்குக் கடன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிஸ்தி எங்கிருந்து தொடங்கி எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் வசனத்தை மட்டும் உரக்கப் பேசுவதில் எனக்கு நிறைவில்லை.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். இந்திய அரசர்களுக்கு ஆங்கிலேயர் அனுமதியின்றிக் கடன் கொடுப்பதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது 1797இல். முகமது அலி இறந்து இரண்டாண்டு கழித்து. 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. 1805இல் தனி ஆணையம் அமைத்து, அதற்குள் புதிதாய் முளைத்திருந்த கடன் கோரிக்கைகளை ஒவ்வொன்றாய் ஆராய்ந்தார்கள். முதல் பத்தாண்டு விசாரணையில் முடிவு கண்ட கோரிக்கைகள் இரண்டு கோடி பவுனுக்கு மேல். அதில் இருபது பங்கில் ஏறக்குறைய பத்தொன்பது பங்கு தள்ளுபடி. 1784இல் விசாரிக்காமல் ஒப்புக்கொண்ட கடன்களையும் இதே தராசில் போட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை மாணவரே ஊகிக்கட்டும். பென்ஃபீல்டு 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார். டண்டாஸ் மெல்வில் பிரபுவாகி, கடற்படைப் பணத்தைக் கையாண்ட வகைக்காக 1806இல் பெருங்குற்ற விசாரணைக்கு உட்பட்டு விடுதலையானார். சேப்பாக்கம் அரண்மனை அரசு அலுவலகங்களுக்கு இடமாயிற்று.

பக்க வரம்பு, மாணவர் வயது, தேர்வுச் சுமை ஆகிய மூன்றும் தங்களைக் கட்டுப்படுத்துவதை அறிவேன். நவாப் ஊதாரி, அதனால் கடன்பட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. அவர் செலவாளி என்பதும் உண்மைதான். அந்த வரி மட்டும் அச்சானால் கடன் கொடுத்தவர்கள் மறுபடியும் தப்பிவிடுவார்கள் என்பதே என் அச்சம். சட்டப் பிரிவுகளின் பட்டியலில் நான்கைக் குறைத்தாலே ஒரு பக்கம் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் 72,000 பவுனுக்கு ஈடான பயிரும், தீவுத்திடலில் மறிக்கப்பட்ட வண்டியும், மாற்றி எழுதப்பட்ட உத்தரவும் இடம்பெறட்டும்.

பாட இறுதியில் செயல்பாடு ஒன்று கொடுப்பது வழக்கம். மாணவர் தம் ஊர் ஏரியின் பெயர், அதன் மதகுகள் எத்தனை, பாயும் நிலம் எவ்வளவு, கடைசியாகத் தூர்வாரியது எப்போது, அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று பெரியவர்களிடமும் கிராம நிர்வாக அலுவலகத்திலும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நான் சில ஆண்டுகள் இதைச் செய்து பார்த்தேன். கடைசிக் கேள்விக்குத்தான் பிள்ளைகள் அதிகம் அலைந்தார்கள்.

அந்த நாட்களில் நான் எழுதிவைத்த வகுப்புக் குறிப்புகள் இரண்டு நோட்டுகளில் இருக்கின்றன. குழுவினருக்குப் பயன்படுமென்றால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.